வினு மன்கட் மீது விழுந்த பழி!

தெருவில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடும்போது ஒரு சண்டை வருவது உண்டு. பந்து வீசப்படும் முன்பே எதிர்முனையில் நிற்பவன் கோட்டைத் தாண்டி ஓடத் தொடங்குவான். பந்து போட வந்தவன் அவன் பக்கத்து ஸ்டம்பைத் தட்டிவிடுவான். அவுட் என்பான் ஒருவன். அழுகுணி ஆட்டம் என்பான் மற்றவன்.

இப்படி அவுட் ஆக்குவதற்கு ஒரு பெரிய வீரரின் பெயரையே வைத்துவிட்டார்கள். அவர்தான் வினு மன்கட்.

சிட்னியில் நடந்தது

மன்கட் 1917-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி ஜாம்நகரில் பிறந்தார். இடது கையால் சுழல் பந்து வீசுவார். வலது கை பேட்ஸ்மேன்.

1947-ம் ஆண்டு இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றது. சிட்னியில் நடந்த ஓர் ஆட்டத்தில் பில் பிரவுன் என்ற ஆஸ்திரேலிய வீரர் முன்கூட்டியே கோட்டைத் தாண்டினார். மன்கட் எச்சரித்தார். மறுபடியும் அவர் தாண்டவே, ஸ்டம்பைத் தட்டி அவுட் ஆக்கினார்.

டிசம்பர் 13-ந் தேதி அதே ஊரில் டெஸ்ட் பந்தயம். பிரவுன் மீண்டும் கோட்டைத் தாண்டினார். இந்தத் தடவை எச்சரிக்கை இல்லை. உடனே அவுட்!

பத்திரிகைகள் சில மன்கட்டைக் குறை கூறின. ஆஸ்திரேலிய கேப்டன் பிராட்மன் குறை கூறவில்லை. மன்கட் செய்தது சரியே என்று பின்னர் தமது சுயசரிதையில் எழுதினார். ஆனாலும் பழி போகவில்லை.

விதி என்ன?

முன்கூட்டியே ஓடுகிறவருக்கு ஓட வேண்டிய தூரம் குறைகிறது. அதைத் தடுக்கவே இந்த விதி.

விதியின் காரணம் தெரியாவிட்டால் நியாயமும் அநியாயமாகத் தோன்றும். அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் மூன்றாவது ஸ்டிரைக் விழுந்தால் பேட்ஸ்மேன் அவுட். ஆனால் அந்தப் பந்தைக் கேட்சர் நழுவவிட்டால், சில நிலைமைகளில் அவர் முதல் பேசுக்கு ஓடித் தப்பலாம். பந்து கையில் சிக்கினால்தான் அவுட் முழுமை பெறும் என்பதே காரணம். அது தெரிந்தால் குழப்பம் இல்லை.

சென்னையில் சாதனை

1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் பந்தயம் நடந்தது. மன்கட் 12 விக்கெட் எடுத்தார். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அதுதான்.

1956 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 231 ரன் குவித்தார். அவரும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்த 413 ரன், 2008 வரை உலக சாதனையாக இருந்தது.

பழி நீங்கியது

1978 ஆகஸ்டு 21-ந் தேதி மன்கட் பம்பாயில் காலமானார்.

அவர் செய்தது விதிப்படி அவுட்தான். ஆனாலும் விதிப் புத்தகத்தில் அது முறையற்ற ஆட்டம் என்ற பகுதியில் இருந்தது. 2022 அக்டோபர் 1-ந் தேதி முதல் அது சாதாரண ரன் அவுட் பகுதிக்கு மாற்றப்பட்டது. பந்து வீசப்படும் வரை கோட்டுக்குள் நிற்பது எதிர்முனை ஆட்டக்காரரின் பொறுப்பு என்று ஆயிற்று.

சிட்னி சம்பவம் நடந்து ஏறத்தாழ 75 ஆண்டுகளுக்குப் பிறகு பழி நீங்கியது. அதைக் காண மன்கட் உயிரோடு இல்லை.