தகடுகளில் வானத்தை அளந்தவர்

ஹென்றியேட்டா சுவான் லெவிட் 1868 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலே பிறந்தார். பின்னாளில் ராட்கிளிஃப் எனப் பெயர்பெற்ற மகளிர் கல்லூரியில் 1892 இல் படிப்பை முடித்தார். நோயினால் செவிப்புலன் குறைந்துகொண்டே போயிற்று. ஹாவார்ட் அவதான நிலையத்தில் முதலில் சம்பளமின்றி உழைத்தார். 1902 முதல் மணித்தியாலத்துக்கு 30 சதம் கிடைத்தது. அமெரிக்கச் சதந்தான், என்றாலும் அந்த மூளைக்கு அது கூலியா என்று எனக்குத் தோன்றுகிறது.

இரவில் தொலைநோக்கியருகே நிற்பது ஆண்களின் வேலை. பெரு நாட்டிலிருந்து வந்த கண்ணாடித் தகடுகளில் கரும்புள்ளிகளாய்ப் பதிந்த விண்மீன்களை அளப்பது பெண்களின் வேலை. வெவ்வேறு இரவுகளின் தகடுகளை ஒப்பிட்டு, எந்தப் புள்ளி பருத்தது, எது சிறுத்தது என்று லெவிட் தேடினார். மகெல்லன் முகில்கள் இரண்டிலும் ஒளி மாறும் விண்மீன்கள் 1777 ஐக் கண்டு 1908 இல் வெளியிட்டார்.

1912 இல் சிறிய முகிலின் 25 விண்மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டார். அவை யாவும் எம்மிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பவை. ஆகவே ஒன்று மற்றதைவிடப் பிரகாசமாய்த் தெரிந்தால், அது உண்மையிலேயே பிரகாசமானது. பிரகாசம் கூடக்கூட ஒளி மாறி மீளும் காலமும் நீண்டது. காலத்தைக் கணித்தால் உண்மையான பிரகாசம் தெரியும். அதனைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். எவ்வளவு எளிமை! ஆனால் அதைத் தொடர்ந்து ஆராய அவருக்கு வழி விடப்படவில்லை. பணிப்பாளர் பிக்கரிங் வேறு அளவீடுகளை ஒப்படைத்தார்.

1921 டிசம்பரில் புற்றுநோயால் லெவிட் காலமானார். 1925 இல் சுவீடன் கணிதவியலாளர் ஒருவர் நோபல் பரிசுக்கு அவரை முன்மொழிய எண்ணி எழுதியபோது, அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

964 இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தமது நூலிலே சிறு முகிலென்று குறித்த அந்திரோமீடாவில், 1923 இல் எட்வின் ஹபிள் அத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டார். லெவிட்டின் விதியால் தூரத்தைக் கணித்தார். அது முகிலல்ல, நமது பால்வீதிக்கு அப்பாலுள்ள இன்னொரு விண்மீன் திரள்.

தூரங்கள் தெரிந்த பின்னரே திரள்களின் வரைபடம் உருவாயிற்று. திரள்கள் கூட்டமாகவும், கூட்டங்கள் பெருங்கூட்டமாகவும், இடையிடையே பெரும் வெறுமையாகவும் தெரிந்தன. பூக்கோவாவில் ஒரு துண்டு முழுப்பூவையே ஒத்திருக்குமே, அதுபோல. இந்த ஒழுங்கு எல்லையின்றித் தொடர்கிறது என்றனர் சிலர். சில பத்துக் கோடி ஒளியாண்டுகளுக்கு மேல் அது சமனாகிவிடுகிறது என்பதே பெரும்பாலானோர் முடிவு.