மாட்ஜ் சையர்ஸ் அம்மையார்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது பழமொழி. ஆடை மானத்தைக் காக்கிறது; வெயிலையும் குளிரையும் தடுக்கிறது; உடுத்தவருக்கு அழகும் தருகிறது. இவற்றோடு அதற்கு வேறொரு கடமையும் உண்டு. செய்யும் தொழிலுக்கு அஃது இடையூறாக இருத்தல் கூடாது. உழவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சேற்றில் இறங்குகிறான். நாற்று நடும் பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே வயலில் நிற்கிறாள். தொழிலுக்கேற்ற ஆடையே சிறந்த ஆடையாகும். ஆயினும், ஆடையையே காரணமாகக் காட்டி, ஒரு கலைப்போட்டியின் வாயிலைப் பெண்களுக்கு அடைத்த காலம் ஒன்று இருந்தது. அவ்வாயிலைத் தம் திறமையாலும் தெளிந்த அறிவாலும் திறக்கச் செய்தவர், ஆங்கில நாட்டில் தோன்றிய மாட்ஜ் சையர்ஸ் அம்மையார் ஆவர்.

மேலைநாடுகளிற் குளிர்காலம் மிகக் கடுமையானது. அக்காலத்தில் ஏரிகளும் குளங்களும் மேற்பரப்பு உறைந்து, கற்பலகைபோல் இறுகிவிடும். எஃகு அலகு பொருத்திய காலணிகளை அணிந்து அப்பனித்தரையின்மேற் சறுக்கிச் செல்லுதல் அந்நாட்டு மக்களின் பழைய வழக்கம். நாளடைவில் அஃது ஓர் அரிய கலையாக வளர்ந்தது. அதனைப் பிகர் ஸ்கேட்டிங் என்பர். காலில் உள்ள அலகினாற் பனித்தரையில் வட்டத்தையும், எட்டு என்னும் எண்ணின் வடிவத்தையும், வேறு பல வளைவுகளையும் வரைவர். வாசலிற் கோலமிடும் பெண்ணின் கை எவ்வளவு நிதானமாக வளையுமோ, அவ்வளவு நிதானமாக ஆடுவோரின் கால் வளைய வேண்டும். அலகுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் உண்டு. எந்த விளிம்பிற் சாய்ந்து செல்ல வேண்டும், எவ்விடத்திலே திரும்ப வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் விதிகள் இருந்தன. அக்காலப் போட்டிகளில், விதித்த வடிவங்களை முதலில் வரைந்து காட்டுவர்; பின்னர்த் தாமே அமைத்துக்கொண்ட ஆட்டத்தை ஆடுவர். நடுவர்கள் பனியில் விழுந்த கோட்டையும், அக்கோட்டை வரையும் பாதத்தையும் கூர்ந்து நோக்கி மதிப்பெண் இடுவர். எனவே, பாதம் கண்ணுக்குத் தெரிதல் இக்கலையில் இன்றியமையாதது.

மாட்ஜ் 1881ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16ஆம் நாள், இலண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியிற் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் புளோரன்ஸ் மாடலின் கேவ் என்பது. தந்தையார் கட்டடங்கள் கட்டுவிக்கும் தொழிலினர். மாட்ஜ் இளமையிலேயே உடலுரம் வாய்ந்தவராக விளங்கினார். நீந்துவதில் வல்லவராக இருந்தார். குதிரையேற்றமும் நன்கு பயின்றார். எனினும், அவருடைய உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது பனித்தரை ஆட்டமே. அந்நாளில், குளிர்காலத்தை எதிர்பார்த்துக் காத்திராமல், இயந்திரங்களால் நீரை உறையச் செய்து ஆடும் பனிக்கூடங்கள் இலண்டனில் ஏற்பட்டிருந்தன. நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் 1896ஆம் ஆண்டில் தோன்றிய பிரின்ஸ் சறுக்குக் கழகம் அவற்றுள் ஒன்று. அக்கூடத்தில் ஆடியவர்களுள் மாட்ஜ் சிறப்பிடம் பெற்றார்.

1900ஆம் ஆண்டில் எட்கர் சையர்ஸ் என்பவரை அவர் மணந்தார். எட்கரும் பனித்தரை ஆட்டத்தில் தேர்ந்தவர். அப்பொழுது ஆங்கில நாட்டில் வழங்கிய ஆட்டமுறை விறைப்பானது. உடலை நேராக நிறுத்திக் கைகளைப் பக்கத்தில் அடக்கிக்கொண்டே ஆடுவர். ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளிலோ வேறொரு முறை பரவியிருந்தது. அமெரிக்கராகிய ஜாக்சன் ஹெயின்ஸ் என்பவர் 1860களில் வியன்னா நகருக்குச் சென்று, நடனத்தின் நயத்தைப் பனித்தரையிற் புகுத்தியிருந்தார். கைகளும் தோள்களும் தடையின்றி அசைய, உடல் முழுவதும் ஒருங்கே இயங்கும் முறை அது. அம்முறையைக் கைக்கொள்ளுமாறு எட்கர் தம் மனைவியாரை ஊக்கினார். மாட்ஜ் முன்பு கற்றதை விடுத்துப் புதியதைப் பயின்றார். கணவரே துணைவராகவும் ஆசானாகவும் அமைந்தது அவருக்குப் பெரும்பேறாயிற்று.

அந்நாளைய ஆங்கிலப் பெண்டிரின் ஆடை இத்தகைய ஆட்டத்திற்குச் சிறிதும் ஏற்றதன்று. கணுக்காலையும் மறைத்துத் தரையைத் தடவும் நீண்ட பாவாடை. அதனுள் வேறு பாவாடைகள். இடையை இறுக்கும் கச்சு. தலையில் அகன்ற தொப்பி. இவற்றை அணிந்தே பெண்கள் பனித்தரையிலும் இறங்கினர். பாவாடையின் விளிம்பு பனியிற் பட்டு நனைந்தால் கனம் கூடும். விரைந்து திரும்பும்பொழுது துணி காலைச் சுற்றிக்கொள்ளும். அலகு துணியிற் சிக்கினால் ஆடுபவர் கீழே விழுவார். இத்தனை இடர்களையும் பொறுத்துக்கொண்டு ஆடினாலும், பாதம் பாவாடைக்குள் மறைந்தே கிடக்கும். ஆடுபவரின் உழைப்பைக் காண்போர் முழுதும் அறிய இயலாது.

1902ஆம் ஆண்டில் உலகப் பிகர் ஸ்கேட்டிங் போட்டி இலண்டனில் நடைபெற்றது. அதுகாறும் ஆடவரே அப்போட்டியிற் கலந்துகொண்டு வந்தனர். பெண்கள் கலந்துகொள்ளலாகாது என்னும் விதி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. பெண் ஒருத்தி முன்வருவாள் என்று எவரும் எதிர்பாராமையே அதற்குக் காரணம். இருபது வயது நிரம்பிய மாட்ஜ் தம் பெயரைக் கொடுத்தார். விதியில் தடையில்லாமையால் அமைப்பாளர்கள் அவரை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. போட்டியிட்டவர்கள் நால்வர். சுவீடன் நாட்டவராகிய உல்ரிக் சால்கோ முதலிடம் பெற்றார். அவர் தம் வாழ்நாளிற் பத்து முறை உலக வெற்றி வீரராக விளங்கியவர். இன்றும் அவர் பெயரால் ஒரு தாவல் வழங்குகிறது. அத்தகைய வீரருக்கு அடுத்தபடியாக, மற்ற ஆடவர் இருவரையும் வென்று, மாட்ஜ் இரண்டாம் இடத்தை அடைந்தார். சால்கோ தமக்குக் கிடைத்த தங்கப் பதக்கத்தை அவருக்கு அளிக்க முன்வந்தார் என்றும் கூறுவர்.

இவ்வெற்றி பலரை மகிழ்வித்தது. சிலரைக் கலங்கவும் செய்தது. உலகப் போட்டிகளை நடத்திவந்த பன்னாட்டுச் சறுக்குச் சங்கம் 1903ஆம் ஆண்டிற் கூடி, அப்போட்டியில் இனிப் பெண்கள் கலந்துகொள்ளலாகாது என்று முடிவு செய்தது. அதற்குக் காரணங்கள் மூன்று கூறப்பட்டன. பெண்களின் நீண்ட ஆடை பாதங்களை மறைப்பதால், நடுவர் சரியாக மதிப்பிட முடியாது என்பது முதற் காரணம். நடுவர் ஒருவர் தாம் அன்பு கொண்ட பெண்ணுக்கு ஆட்டத்தில் மதிப்பெண் இட நேரலாம் என்பது இரண்டாவது. பெண்ணின் ஆட்டத்தை ஆணின் ஆட்டத்தோடு ஒப்பிடுதல் அரிது என்பது மூன்றாவது.

இவற்றைச் சீர்தூக்கிப் பார்த்தல் நன்று. நடுவர் நடுநிலை தவறினால் அது நடுவரின் குற்றமாகும். அதற்காக ஆடுபவரை விலக்குதல் முறையாகாது. ஒப்பிடுதல் அரிது என்பதும் பொருந்தாது. முந்திய ஆண்டிலேதான் ஐயமின்றி ஒப்பிட்டு இரண்டாம் இடம் வழங்கியிருந்தனரே! ஆனால், முதற் காரணத்தில் மட்டும் ஓரளவு உண்மை இருந்தது. பாதம் மறைந்திருந்தால் அதன் திறத்தை அளத்தல் கடினமே. தமக்கு எதிராகக் கூறப்பட்ட சொல்லில் உண்மை சிறிது இருப்பினும் அதனை ஒப்புக்கொள்வது எளிதன்று. சினத்தால் அதனை அடியோடு மறுப்பவர் பலர்; மனம் சோர்ந்து ஒதுங்கிவிடுபவரும் பலர். மாட்ஜ் இவ்விரண்டு வழியிலும் செல்லவில்லை. அவர் தம் பாவாடையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டார்.

கெண்டைக்காலின் நடுப்பகுதியோடு நின்றுவிடும் பாவாடையை அவர் அணிந்து ஆடலானார். இன்று நோக்கினால் அஃது அடக்கமான உடையாகவே தோன்றும். கணுக்கால் வெளியே தெரிவதையும் குறையாகக் கருதிய அக்காலத்தில் அது துணிவு மிக்க செயலாகும். உடை குட்டையாயினும் அதன் கண்ணியம் குறையவில்லை. துணி காலைத் தடுக்கவில்லை. விளிம்பு பனியிற் புரளவில்லை. பாதமும் அலகும் நடுவரின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன. பெண்களை விலக்குவதற்குச் சொல்லப்பட்ட முதற் காரணம் இவ்வாறு ஒரு முழத் துணியோடு நீங்கிற்று.

உலகப் போட்டியின் வாயில் அடைபட்டிருந்தபோதிலும் மாட்ஜ் பயிற்சியைக் கைவிடவில்லை. ஆங்கில நாட்டுப் போட்டியில் ஆணும் பெண்ணும் ஒருங்கே ஆட இடமிருந்தது. 1903ஆம் ஆண்டில் நடந்த அப்போட்டியில் ஆடவரை வென்று அவர் முதலிடம் பெற்றார். 1904ஆம் ஆண்டிலும் அவரே வெற்றி பெற்றார். அம்முறை அவருக்கு அடுத்த இடத்தில் நின்றவர் அவருடைய கணவரும் ஆசானுமாகிய எட்கரே.

பெண்களின் திறமையை இனியும் மறுக்கவியலாது என்பது தெளிவாயிற்று. பெண்களுக்கெனத் தனிப்போட்டி நடத்துவதென்று பன்னாட்டுச் சங்கம் 1905ஆம் ஆண்டில் முடிவு செய்தது. ஆடவரோடு ஒரே தளத்திற் பொருதும் உரிமை கிடைக்கவில்லை. ஆயினும், உலக அரங்கில் ஆடும் உரிமை கிடைத்தது. முதற்போட்டி 1906ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் டாவோஸ் நகரில் நடைபெற்றது. மாட்ஜ் அதில் வாகை சூடினார். மறு ஆண்டு வியன்னா நகரில் நடந்த போட்டியிலும் அவரே வென்றார்.

1908ஆம் ஆண்டில் ஒலிம்பிக் விளையாட்டுகள் இலண்டனில் நடைபெற்றன. பிகர் ஸ்கேட்டிங் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. குளிர்கால ஒலிம்பிக் என்பது அந்நாளில் தோன்றவில்லை. எனவே, அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், மாட்ஜ் நன்கறிந்த பிரின்ஸ் கழகத்துப் பனிக்கூடத்திலேயே போட்டி நிகழ்ந்தது. பெண்கள் பிரிவில் அவர் தங்கப் பதக்கம் பெற்றார். கணவரோடு இணைந்து ஆடிய இரட்டையர் பிரிவில் வெண்கலப் பதக்கமும் பெற்றார். இக்கலையில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதற் பெண்மணி என்னும் புகழ் அவருக்கு உரியதாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு.

புகழின் உச்சியில் நின்ற அவரை நோய் பற்றியது. உடல்நலக் குறைவால் அவர் போட்டிகளிலிருந்து விலகினார். எனினும், தாம் கற்ற கலையைப் பிறரும் கற்கவேண்டும் என்னும் ஆர்வம் குன்றவில்லை. கணவரோடு சேர்ந்து பனித்தரை ஆட்டத்தைப் பற்றி நூல் எழுதினார். இதய நோயால் வருந்திய அவர், 1917ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், முப்பத்தாறு வயது நிறைவதற்கு ஒரு வாரம் இருக்கையில், இயற்கை எய்தினார். 1981ஆம் ஆண்டில் உலகப் பிகர் ஸ்கேட்டிங் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அவர் தொடங்கிய மாற்றம் அவரோடு முடியவில்லை. 1924ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஷாமோனி நகரில் நடந்த ஒலிம்பிக்கில், நார்வே நாட்டுச் சிறுமி சோன்யா ஹெனி பதினொரு வயதில் முழங்கால் அளவுள்ள பாவாடையோடு ஆடினாள். அம்முறை அவளுக்குக் கடைசி இடமே கிடைத்தது. ஆயினும், பின்னர் மூன்று ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்று அவள் உலகப் புகழ் பெற்றபொழுது, குட்டைப் பாவாடையே பனித்தரைக்குரிய உடையாக நிலைபெற்றது. கால்கள் கட்டவிழவே, பெண்களின் தாவலும் சுழற்சியும் மேலும் மேலும் வளர்ந்தன. பெண்கள் கால்சட்டை அணிந்து ஆடவும் 2004ஆம் ஆண்டிற் பன்னாட்டுச் சங்கம் இசைவளித்தது.

இக்காலத்தில் போட்டிக்குச் செல்வோர் பலவண்ண ஆடைகளை விரும்பி அணிகின்றனர். ஆயினும், ஆடை கண்ணியமாகவும் விளையாட்டுக்கு ஏற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆடையிலிருந்தோ அணியிலிருந்தோ ஒரு சிறு பகுதி பனித்தரையில் விழுந்தாலும் ஒரு மதிப்பெண் குறைக்கப்படும். அதன்மேல் அலகு பட்டால் ஆடுபவர் விழுந்துவிடவும் கூடும். ஆதலால், அறிவுடையோர் புத்தாடையைப் போட்டி நாளன்று முதன்முதலாக அணிவதில்லை. அதனை முன்னரே உடுத்து ஆடிப் பார்த்து, கையும் காலும் தடையின்றி இயங்குகின்றனவா என்று ஆராய்ந்த பின்னரே களம் புகுகின்றனர்.

மாட்ஜ் சையர்ஸ் அம்மையார் ஆடையால் புகழ் பெற்றவர் அல்லர். ஆட்டத்தால் புகழ் பெற்றவர். அவ்வாட்டத்தைப் பிறர் காணத் தடையாக இருந்ததை மட்டும் அவர் நீக்கினார். தடையாகக் கூறப்பட்டது துணியானால் அதனைக் குறைக்கலாம். திறமை குறைவாயின் அதனை எதனாலும் மறைக்க இயலாது. இவ்வுண்மையை நன்குணர்ந்து, உடையைத் திருத்திக்கொண்டு, உழைப்பை ஒருநாளும் குறைக்காமல் வாழ்ந்தமையால், பின்வந்த பெண்களுக்கெல்லாம் அவர் வழிகாட்டியாக விளங்குகிறார்.