பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் சரித்திரச் சுருக்கம்

குளம் வற்றிய பின் மதகைத் திறப்பதனால் வயலுக்கு நீர் பாயாது. தாமிரபரணிக் கால்களை நம்பிப் பயிரிடும் நம்மவர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அரசாங்க உத்தியோகங்களின் நிலையும் இத்தகையதே. இடங்கள் எத்துணை காலியாயிருப்பினும், பரீட்சையில் தேறித் தகுதி பெற்றோர் இலராயின் அவற்றை நிரப்புதல் யாங்ஙனம்? இவ்வுண்மை விளங்கி நிற்கும் வாழ்க்கை, மனோன்மணீய ஆசிரியர் சுந்தரம் பிள்ளை அவர்களுடையது. நாடகாசிரியர் என அவர்களை அறியாதார் இலர். உத்தியோகஸ்தராகவும் கல்லூரி ஆசிரியராகவும் அறிந்தார் சிலரே.

பிள்ளையவர்கள் 1855-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், ஆலப்புழையில், பெருமாள் பிள்ளை, மாடத்தி அம்மாள் ஆகியோருக்குப் புதல்வராகத் தோன்றினார்கள். அக்காலத்தே பட்டம் பெற்றோர் மிக அரியர். 1857-ல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை என்னும் இருவரே, அவ்விருவரும் யாழ்ப்பாணத்தார். கச்சேரிகளும் நியாயஸ்தலங்களும் பள்ளிக்கூடங்களும் பெருகிவந்த அந்நாளில், ஒவ்வொரு பட்டதாரிக்கும் பல இடங்கள் காத்திருந்தன. அத்தகைய காலத்தில் பிள்ளையவர்கள் திருவனந்தபுரத்திற் பயின்று 1876-ல் பி.ஏ. தேறினார்கள்.

மறுவருஷமே நம் திருநெல்வேலி அவர்களை வரவழைத்தது. இங்கிருந்த ஆங்கில-தமிழ்ப் பாடசாலைக்கு அவர்கள் தலைமை பூண்டார்கள். அது 1878-ல் கல்லூரியாக உயர்ந்து, இந்துக் கல்லூரியென இன்றும் நிலவுகின்றது. உயர்கல்விக்காகப் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்ப இயலாத குடும்பங்களுக்கு இது பெரியதோர் உபகாரமாயிற்று. ஆற்றங்கரையிலுள்ள கோடகநல்லூரில் வாழ்ந்த சுந்தர சுவாமிகளை அவர்கள் ஞானாசிரியராகக் கொண்டதும் இந்நாளிலேதான்.

பின்னர்த் திருவனந்தபுரம் திரும்பிய அவர்கள் 1880-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார்கள். திருவிதாங்கூரில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவர்களே, ஆதலின் எம்.ஏ. பிள்ளை என்றே வழங்கப்பெற்றார்கள். 1882-ல் சமஸ்தான அரசாங்கம் அவர்களைப் பிறவகைச் சிரஸ்தார் என்னும் வருவாய்த்துறை உயர்பதவியில் அமர்த்திற்று. கற்றோர் அரியராகிய நாட்டில் இது வியப்பன்று. ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. ஆசிரியரைக் கச்சேரிக்கு அழைத்துக்கொண்டால் கச்சேரியில் ஓரிடம் நிரம்பும். வகுப்பறையில் ஓரிடம் வெறுமையாகும். நாளைய உத்தியோகஸ்தரைப் பயிற்றுவோர் யார்? விதைநெல்லைக் குத்தி உண்பது போல்வதன்றோ இது? ஏறக்குறைய மூன்றாண்டு அப்பதவி வகித்த பின், 1885-ல் ஹார்வி துரையவர்கள் விலகவே, அவர்தம் தத்துவ ஆசிரியப் பதவியைப் பிள்ளையவர்கள் ஏற்றுக் கல்லூரிக்கே மீண்டார்கள். இறுதிநாள்வரை அதனைவிட்டு நீங்கினாரல்லர்.

அவர்கள் காலத்திலேயே உத்தியோகப் பிரச்சினை அந்நாட்டிற் பெருங்கிளர்ச்சியாய் மூண்டது. தகுதியுடைய உள்நாட்டார் போதாரென்று உயர்பதவிகளுக்கு வெளிநாட்டாரை வரவழைத்தல் சமஸ்தானத்தில் நெடுநாள் வழக்கம். அதனை எதிர்த்து 1891-ல் பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட மலையாளி மெமோரியல் மகாராஜாவுக்குச் சமர்ப்பிக்கப்பெற்றது. 1896-ல் டாக்டர் பல்ப்புவின் முயற்சியால் ஈழவர் மெமோரியல் எழுந்தது; அதிற் கையொப்பமிட்டோர் 13,176 பேர். டாக்டர் பல்ப்புவோ சென்னையில் வைத்தியக் கல்வியில் தேறியும், பிறந்த சாதி காரணமாகச் சொந்த நாட்டில் இடம் மறுக்கப்பெற்று, மைசூரில் ஊழியம் புரிந்தவர். தகுதியுடையார் இல்லையென்று ஒருபுறம் கூறி, தகுதி பெற்றுவந்தாரை மறுபுறம் வாயிலில் தடுத்து நிறுத்தியது அக்காலம். பஞ்சம் சில வேளை விளைவின் குறையாலும், சில வேளை களஞ்சியத்தைப் பூட்டுதலாலும் உண்டாவதை நாம் மறத்தலாகாது.

மலையாளி மெமோரியல் எழுந்த அதே 1891-ல் மனோன்மணீயம் வெளிவந்தது. அதில் ஜீவகவழுதி, அமைச்சன் குடிலனை நம்பி மதுரையை விட்டுத் திருநெல்வேலியிற் கோட்டை கட்டுகின்றான்; முடிவில் அக்குடிலனே அவனைக் காட்டிக்கொடுக்கின்றான். கூர்த்த அறிவிருந்தும் நேர்மையில்லான் பதவியேறினால் நாடு என்னாகும் என்பதற்கு இக்கதையே சான்று. பரீட்சை ஒருவனது அறிவை அளக்கும். நெஞ்சை அளப்பது ஆசிரியரும் பெற்றோரும் செய்த வளர்ப்பு.

1896-ல் ராவ் பகதூர் பட்டம் பெற்ற பிள்ளையவர்கள், 1897-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம், நாற்பத்திரண்டாம் வயதிலேயே இறைவனடி சேர்ந்தார்கள். அவர்களது தமிழ்த்தாய் வணக்கம் 1970-ல் அரசாங்க விழாக்களுக்குரிய வாழ்த்தாக ஏற்கப்பெற்றது. 1990-ல் திருநெல்வேலியில் அவர்கள் பெயராற் பல்கலைக்கழகமும் எழுந்தது. அவர்கள் வகித்த சிரஸ்தார் பதவியை இன்று நினைப்பார் யார்?

அன்பர்களே, அவர்களை நம்மவரெனப் பெருமை பேசுதல் எளிது. நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு உத்தியோகம் வேண்டிச் சிபாரிசுக் கடிதத்துடன் நம் சங்கத்தாரை நாடுவோர் பலர்; பரீட்சைக்குப் படிக்கப் புத்தகமும் சம்பளமும் உதவ முன்வருவோர் சிலர். காலியிடம் எங்கேயென்று தேடுவதற்குமுன், அவ்விடத்திற்குரிய ஆணையும் பெண்ணையும் ஆயத்தம் செய்வோமாக. நம்மில் நன்கு கற்றார் சிலரேனும் ஆசிரியராக முன்வருவாராக. மதகு பின்னர்த் திறக்கலாம். முன்னர்க் குளம் நிறையட்டும்.