தங்கம் வாங்கித் தந்த வாத்தியார்

பெலே, மரடோனா என்றால் நம்ம ஸ்கூலில் எல்லாருக்கும் தெரியும். சையத் அப்துல் ரஹீம் என்றால்? இந்தியக் கால்பந்து அணிக்கு ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கம் வாங்கித் தந்த பயிற்சியாளர் அவர்தாங்க.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். அவர் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை வரிசையாக ஐந்து தடவை ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது.

அவர் சொல்லிக் கொடுத்த விதமே தனி. நம்மில் பல பேர் வலது காலால் மட்டும்தானே பந்தை உதைக்கிறோம்? அவரோ, எந்தக் கால் பலம் குறைவோ அந்தக் காலால் மட்டும்தான் ஆடணும் என்று தனியாகப் போட்டியே நடத்தினார்!

1951-ல் டெல்லியில் ஈரானை 1-0 என்று ஜெயித்து முதல் தங்கம். அடுத்த வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரிய அடி. குளிரில் பலர் வெறுங்காலோடு ஆட, யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். ரஹீம் சோர்ந்து போகவில்லை. ஹங்கேரி அணி ஆடிய புது முறையை நம்ம பசங்களுக்குப் பழக்கினார். நடு ஃபார்வர்டு கொஞ்சம் பின்னால் இறங்கி வருவார். அவரைத் தொடர்ந்து எதிரணி பேக்கும் வந்தால், பின்னால் இடம் காலியாகும். அங்கே நம்ம ஆள் புகுந்துவிடலாம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்தோம். நெவில் டிசோசா மட்டும் மூன்று கோல்! கடைசியில் நான்காம் இடம்.

1962 ஜகார்த்தா. ரஹீமுக்குப் புற்றுநோய். முதல் மேட்சிலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்து மேட்சில் பேக் ஆடிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். வேற யாராக இருந்தாலும் அவரை உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை அரையிறுதியில் ஃபார்வர்டாக இறக்கினார். கோல் விழுந்தது!

செப்டம்பர் 4, இறுதிப் போட்டி. மறுபடியும் அதே தென்கொரியா. மைதானம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். பி.கே. பானர்ஜி ஒரு கோல். கட்டுப் போட்ட தலையோடு ஜர்னைல் சிங் ஒரு கோல். 2-1, தங்கம்!

அடுத்த வருஷம் 1963 ஜூன் 11-ல் ரஹீம் இறந்துபோனார். வயது 53தான். அதற்குப் பிறகு இன்று வரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் கிடைக்கவே இல்லை. 2024-ல்தான் அவர் கதை ‘மைதான்’ என்று இந்திப் படமாக வந்தது.

மெடல் ஆட்டக்காரர் கழுத்தில்தான் விழும், வாத்தியார் கழுத்தில் விழாது. ஆனால் யாரை எங்கே நிறுத்தினால் ஜெயிக்கலாம் என்று பார்த்தது அந்த வாத்தியாரின் கண்தான்.

சாயங்காலம் கிரவுண்டுக்குப் போறீங்களா? இடது காலாலும் பத்து தடவை உதைத்துப் பாருங்க!