கதருடுத்த வைத்திய மேதை

சுதேசியத்தின் விலை இன்னதென்று நெல்லைச் சீமைக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908-ல் சிறை புகுந்தார். அச்செய்தி கேட்டுத் திருநெல்வேலி நகரம் கொதித்தெழுந்தது. தாமிரபருணி தீரத்தில் கொடுக்கப்பட்ட அவ்விலையை நாம் மறந்தோமில்லை. ஆயின் அதே சுதேசியத்தின் பொருட்டுச் சென்னையில் வேறொரு விலை கொடுத்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவை நாம் ஏறக்குறைய மறந்தே விட்டோம்.

அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி ஓர் எளிய தெலுங்குக் குடும்பத்தில் அவர் பிறந்தார். சென்னையில் பள்ளிப் படிப்பையும் மாகாணக் கலாசாலைப் படிப்பையும் முடித்து, வைத்தியக் கலாசாலையில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுச் சத்திர சிகிச்சைக் கூடத்திலும் கதராடையே தரித்து நின்றார். பேராசிரியர் பிராட்பீல்டு துரைக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகத் தேறியிருந்தும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பத்திரமே கிடைத்தது. அறிவை அளக்க வேண்டிய இடத்தில் ஆடையை அளந்தார்கள்.

அவர் சோர்ந்தாரில்லை. சென்னை ஆயுர்வேதக் கலாசாலையில் சிலகாலம் உடற்கூறு போதித்தார். பின்னர் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். அங்கே பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கழிகலங்களைச் சுத்தம் செய்து வயிறு வளர்த்துக் கொண்டே ஹார்வர்டு சர்வகலாசாலையில் பயின்றார். இரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் பிஸ்கே என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். தசைகள் இயங்கும் சக்தியைப் பற்றி அவ்விருவரும் கண்ட உண்மைகள் சரீர சாஸ்திரத்துக்கே அஸ்திவாரமாயின. எனினும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குச் சென்றார்.

அவருடைய சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் சில தினங்களுக்குள் அடுத்தடுத்துக் கொண்டு போயிருந்தது. அந்நோயைத் தீர்க்கும் போலிக் அமிலத்தை லெடர்லியில் அவருடைய குழுவினரே செயற்கையாகச் செய்தளித்தனர். யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் இன்றும் வழங்கப்படும் டை-எதில்-கார்பமாசின் மருந்தும் அங்கே பிறந்ததேயாகும்.

உடலின் அணுக்கள் பெருகுவதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. அதைப் போன்ற தோற்றமுடைய போலிப் பொருளொன்றைக் கொடுத்தால் அணுக்கள் ஏமாந்து, பெருக வழியின்றி நின்று விடுகின்றன. இந்த உபாயத்தால் உண்டானவையே அமினோப்டெரினும் மெதோட்ரெக்ஸேட்டும். டாக்டர் பார்பர் 1947-ன் இறுதியில் அமினோப்டெரினை இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். நோய் தற்காலிகமாகவேனும் தணிந்தது. 1948 ஆகஸ்டில், தமது 53-ம் வயதில், சுப்பாராவ் காலமானார்.

அவர் காணாத பயன் பின்னால் வந்தது. ஒருவரின் உறுப்பை மற்றொருவருக்குப் பொருத்தினால், உடலைக் காக்கும் வெள்ளணுக்கள் அதனை அந்நியமென்று கண்டு, விரைந்து பெருகித் தாக்குகின்றன. 1954-ல் மூத்திரப் பிண்டத்தை முதன்முதலாக வெற்றியுடன் மாற்றியபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர்; ஆகையால் அத்தாக்குதல் நேரவில்லை. அது நிகழ்ந்த இடம், சுப்பாராவ் கழிகலம் கழுவிய அதே பிரிகாம் ஆஸ்பத்திரி. இரட்டையரல்லாத ஏனையோருக்கு, தாக்கும் அணுக்களைத் தடுக்கும் மருந்து வேண்டியிருந்தது. போலிப் பொருள் உபாயத்தையே தனி வழியில் கையாண்ட ஹிட்சிங்ஸ், எலியன் இருவரின் அசதயோப்ரின் 1960-களில் அக்குறையைத் தீர்க்கத் தொடங்கியது. எலும்பு மஜ்ஜை மாற்றத்திலோ தாக்குதல் எதிர்ப்புறமாக நிகழும். வந்த மஜ்ஜையே ஏற்றவரின் உடலைத் தாக்கும். அதைத் தடுக்கும் முக்கிய மருந்துகளுள் ஒன்று மெதோட்ரெக்ஸேட். வேலூரில் 1971-ல் மூத்திரப் பிண்டமும், பம்பாயில் 1983-ல் மஜ்ஜையும் மாற்றப்பட்டபோது, உலகம் நடந்த அப்பாதையில் நம் நாடும் நடந்தது.

அமெரிக்காவில் வாழ்ந்த காலமெல்லாம் சுப்பாராவ் சட்டத்தின் கண்ணில் அந்நியரே; இறுதிவரை அந்நாட்டுப் பிரஜையாகவில்லை. தாய்நாட்டிலோ, அந்நியத் துணியை ஒதுக்கியதற்காகப் பட்டத்தை இழந்தார். இவ்விரு நிலைகளுக்கிடையே நின்றுதான் அவர் மனித குலத்துக்கு உழைத்தார்.

பாளையங்கோட்டையிலே 1965 முதல் வைத்தியக் கலாசாலை நடைபெற்று வருகிறது. மெதோட்ரெக்ஸேட்டைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள், அது யாருடைய ஆய்வுச்சாலையில் பிறந்ததென்பதையும் அறிதல் வேண்டும். இது மாணவர்க்கு. பரீட்சை நடத்துவோர்க்கும் ஒன்று சொல்வோம்: பிராட்பீல்டு துரை போய்விட்டார், அவருடைய மனப்பான்மையும் போயிற்றா? ஆடை, சாதி, பாஷை, கட்சி இவற்றில் எதைக்கொண்டு ஒரு மாணவனை அளந்தாலும் அக்குற்றமே மீண்டும் நிகழும். சுயராஜ்யத்தில் அதற்கு மன்னிப்புக் கிடையாது.