மணலிக்கு வந்த முத்துசாமி தீட்சிதர்

கர்நாடக இசைக்கு மும்மூர்த்திகள் உண்டு. சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர். மூவரும் பிறந்த ஊர் திருவாரூர்.

இவர்களில் இளையவர் முத்துசாமி தீட்சிதர். அவர் இளமையில் வாழ்ந்து பாடம் கேட்ட ஊர் அன்று சென்னைக்கு அருகே இருந்த மணலி. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருக்கின்றனவே, அதே மணலிதான்!

வேண்டிப் பெற்ற பிள்ளை

தகப்பனார் ராமசாமி தீட்சிதர் பெரிய சங்கீத வித்துவான். அவருக்கு வெகு காலம் குழந்தை இல்லை. வைத்தீசுவரன் கோயிலுக்குப் போய் விரதம் இருந்தார். அதன் பிறகு 1775-ம் ஆண்டில் பங்குனி மாதம் கார்த்திகை நட்சத்திரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் கோயிலில் உள்ள முத்துக்குமாரசாமியின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்.

பின்னர் சின்னசாமி, பாலுசாமி என்று இரண்டு தம்பிகளும், பாலாம்பாள் என்ற தங்கையும் பிறந்தார்கள்.

வள்ளல் முதலியார்

அந்தக் காலத்தில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் என்றால் சென்னையில் தெரியாதவர் இல்லை. கவர்னர் பிகட்டிடம் துபாஷியாக இருந்தவர். வெள்ளைக்காரர்களுக்கும் நம்மவர்களுக்கும் நடுவே நின்று பேசிக் காரியம் முடிப்பவர்தான் துபாஷி.

இப்போது ஐகோர்ட்டு இருக்கும் இடத்தில் முன்பு ஒரு பெருமாள் கோயில் இருந்தது. 1757-ல் கும்பினியார் அதை இடித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக பூக்கடைப் பக்கத்தில் சென்ன கேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் கோயில்கள் எழுந்தன. அந்தத் திருப்பணியில் பெரும் பொருள் கொடுத்தவர் முத்துக்கிருஷ்ண முதலியார். ராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவரும் அவரே.

ராமசாமி தீட்சிதரின் பாட்டு முதலியாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. குடும்பத்தோடு மணலிக்கு வந்து தங்கும்படி அழைத்தார். தீட்சிதரும் வந்து சேர்ந்தார். முதலியாருக்குப் பிறகு அவர் மகன் வெங்கடகிருஷ்ண முதலியாரும் அந்தக் குடும்பத்தைக் குறைவின்றிப் பார்த்துக்கொண்டார். சின்னையா முதலியார் என்பது இவருக்கு வழங்கிய பெயர்.

கோட்டையில் கேட்ட பாண்டு

சின்னையா முதலியார் தீட்சிதர் பிள்ளைகளைச் சென்னைக் கோட்டைக்கு அழைத்துப் போவார். அங்கே வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் முழங்கும். வேதமும் வீணையும் கற்ற பிள்ளைகள் அதை வெறுத்து ஒதுக்கவில்லை. கூர்ந்து கேட்டார்கள்.

முத்துசாமி அந்த மெட்டுகளை மனத்தில் வாங்கிக்கொண்டார். அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் பக்திப் பாட்டுகள் எழுதினார். இவற்றுக்கு நோட்டு சுரப் பாட்டுகள் என்று பெயர். இப்படிப்பட்ட பாட்டுகள் முப்பதுக்கு மேல் உள்ளன. சங்கீதம் படிக்கும் குழந்தைகள் இன்றும் அவற்றைப் பாடுகிறார்கள்.

அவற்றில் ஒன்று, இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. மெட்டு அதேதான். ஆனால் பாட்டில் மன்னர் இல்லை! மன்னர் இருந்த இடத்தில் சங்கீதத்துக்கு அதிதேவதையான அம்பாளை வைத்துப் பாடிவிட்டார் தீட்சிதர்.

தம்பி பாலுசாமியின் மனம் பிடிலில் போயிற்று. சின்னையா முதலியார் ஓர் ஐரோப்பியரைச் சம்பளத்துக்கு அமர்த்திச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். பாலுசாமி அந்த வாத்தியத்தில் நம்முடைய ராகங்களை வாசித்துக் காட்டினார். கர்நாடக சங்கீதத்துக்குப் பிடிலைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்று சொல்வார்கள்.

காசியும் திருத்தணியும்

மணலிக்குச் சிதம்பரநாத யோகி என்ற துறவி வந்தார். முத்துசாமியைத் தம்முடன் காசிக்கு அனுப்பும்படி கேட்டார். மூத்த மகனைப் பிரிய யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் முதலியாரும் எடுத்துச் சொல்ல, தகப்பனார் சம்மதித்தார்.

காசியில் சுமார் ஐந்து ஆண்டுகள் யோகியிடம் சாத்திரம் பயின்றார். வடநாட்டு சங்கீதத்தையும் கேட்டார். அவருடைய பாட்டுகளில் காணும் நிதானமான நடைக்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பார்கள். கங்கையில் அவருக்கு ஒரு வீணை கிடைத்தது என்றும் வரலாறு உண்டு.

யோகி காலமான பின் தீட்சிதர் மணலிக்குத் திரும்பினார். பிறகு திருத்தணி சென்று முருகனை வழிபட்டார். அங்கே ஒரு முதியவர் வந்து அவர் வாயில் கற்கண்டைப் போட்டு மறைந்ததாகவும், உடனே பாட்டுப் பிறந்ததாகவும் சொல்வார்கள். அது முதல் குருகுகன் என்ற முத்திரையை வைத்துப் பாடினார்.

பிறகு ஊர் ஊராகச் சென்று பாடினார். மணலிக்கு அடுத்த திருவொற்றியூரில் உள்ள ஆதிபுரீசுவரர் மீதும் ஆரபி ராகத்தில் ஒரு கீர்த்தனை உண்டு.

பொன்னுக்குப் பாடாதவர்

திருவாரூரில் வாழ்ந்தபோது வறுமை வந்தது. தஞ்சை மன்னரைப் புகழ்ந்து பாடினால் பொன் கிடைக்குமே, நகை செய்துகொள்ளலாமே என்று மனைவிக்கு ஆசை. தீட்சிதர் இணங்கவில்லை. லட்சுமியைப் பற்றி லலிதா ராகத்தில் பாடினார். அன்றிரவு மனைவியின் கனவில் லட்சுமியே வந்தாள் என்றும், நகை ஆசை அத்தோடு தீர்ந்தது என்றும் கதை சொல்வார்கள்.

தஞ்சையில் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வர் அவருக்குச் சீடர்கள் ஆனார்கள். வடிவேலு பிடிலில் வல்லவர். திருவனந்தபுரம் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசளித்தார்.

எட்டயபுரத்தில்

பாலுசாமி எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்துவானாக இருந்தார். அவரிடம் போய்ச் சேர்ந்தார் தீட்சிதர். 1835 அக்டோபர் 21, தீபாவளி நாள். சீடர்கள் மதுரை மீனாட்சி மீது அவர் செய்த கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருக்க, அவர் உயிர் பிரிந்தது. அவருடைய சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது.

அவருடைய கீர்த்தனைகள் அழிந்துபோகாமல் காத்தவர் பாலுசாமியின் பேரர் சுப்பராம தீட்சிதர். 1904-ல் அவற்றைச் சுரப்படுத்திப் பெரிய நூலாக வெளியிட்டார்.

முத்துசாமி தீட்சிதர் அந்நிய இசையை அஞ்சவும் இல்லை. அதற்கு அடிமையாகவும் இல்லை. நல்லதை எடுத்துத் தமதாக்கிக்கொண்டார். இன்று பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரியைக் காண்பது அரிது. அதற்கு வித்திட்ட ஊர்களில் மணலியும் ஒன்று.