செம்பனைக்கு வித்திட்டவர்

அசாம் ஜாவா வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. நம் நாட்டில் செம்பனை ஒரு வணிகப் பயிரான வரலாறு, ஹென்றி ஃபோகோனியர் என்ற பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்தது.

அவர் 1879ஆம் ஆண்டு பிரான்சில் பிறந்தார். போர்னியோவில் சாகோ பயிரிட்டுப் பொருளீட்டலாம் என்றெண்ணி 1905ஆம் ஆண்டு கப்பலேறினார். சிங்கப்பூரை அடைந்ததும் தம் முடிவை மாற்றிக்கொண்டு மலாயாவுக்கு வந்தார். கிள்ளான் அருகே பயிற்சி பெற்றபோது மலாய் மொழியையும் தமிழையும் கற்றார். பின்னர், சிலாங்கூர் ஆற்றங்கரையிலுள்ள ரந்தாவ் பாஞ்சாங்கில் இரப்பர்த் தோட்டம் அமைத்தார்.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அக்காலத்தில் மலாயாவில் அது அழகுக்காகவே வளர்க்கப்பட்டது. ஃபோகோனியர் சுமத்திராவின் டெலியிலிருந்து விதைகளை வரவழைத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டார். முதலாம் உலகப் போர் மூண்டதும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். எனினும், அவர் தொடங்கிய முயற்சி நின்றுவிடவில்லை. 1917ஆம் ஆண்டு கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில், பலன் தராத காப்பிச் செடிகளுக்குப் பதிலாகச் செம்பனை நடப்பட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. காய்க்கச் சில ஆண்டுகள் பிடிக்கும் புதிய மரத்தை நம்புவது துணிச்சலான செயலாகும். 1920ஆம் ஆண்டு இரப்பர் விலை சரிந்தபோது, ஒரே பயிரை நம்பியிருப்பதன் ஆபத்து பலருக்கும் விளங்கியது.

மலாயா வாழ்வை அவர் புதினமாகவும் எழுதினார். தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் இடம்பெறும் அந்நூல், 1930ஆம் ஆண்டு பிரான்சின் உயரிய கொங்கூர் பரிசைப் பெற்றது. 1973ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அவர் அன்று நாடியது எண்ணெயை மட்டுமே. இன்றோ, எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் வெறுங்குலையும் பயன்படுகிறது. பழக்குலையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெறுங்குலையாகும். அதன் நாரைத் தூய்மைப்படுத்தி, உலர்த்தி, நெகிழியுடன் கலந்து சூடாக்கி அழுத்தினால் உறுதியான பலகை கிடைக்கும். மகிழுந்தின் கதவு உட்பலகை போன்ற பாகங்களை இத்தகைய நார்க்கலவையால் செய்யலாம். கண்ணாடி இழை கலந்த நெகிழியைவிட இது எடை குறைந்தது. வாகனத்தின் எடை குறைந்தால் எரிபொருளும் மிச்சமாகும். ஆனால், நார் நீரை உறிஞ்சும். நெகிழியோ நீரோடு ஒட்டாது. இவ்விரண்டையும் இறுகப் பிணைப்பதே ஆய்வாளர்களின் சவாலாகும்.

ஃபோகோனியரின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. காட்டை வெட்டி, கன்று நட்டு, குலை சுமந்த தொழிலாளர்களின் பெயர்களோ ஏட்டில் இல்லை. செம்பனையின் வரலாற்றைப் படிக்கும் நாம் அவர்களின் உழைப்பையும் நினைவில் கொள்ள வேண்டும்.